நான்காம் பகுதியில் யாரும் வரவில்லை

எங்கள் நாடகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது, மேடம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் பகலில் பார்த்ததாகச் சொன்னீர்கள். அதனால்தான் யார் யாரைக் கொன்றார் என்றே புரியவில்லை. பரவாயில்லை, உங்களைப் போல நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். 'டிவி கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பாத்துட்டு, டிவி நல்லாத்தான் இருக்கு, நாடகமே இப்படித்தான்னு சொல்லிட்டுக் காசு வாங்காம போயிட்டார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'ஊர் முழுக்க ஒரே ஒரு மெழுகுவத்தியா, கஞ்சப் பிசினாறிங்களா' என்று இன்னொருவர். நான் எல்லாவற்றையும் படிப்பேன். படித்துவிட்டுச் சிரிக்கவும் செய்வேன். சிரிக்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

என் மச்சான் எப்படி இறந்தார் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். நேற்று நான் சொன்னது பொய். நான் கடைக்குப் போகவில்லை, கதவு தானாகப் பூட்டிக்கொள்ளவும் இல்லை. அவரை உள்ளே வைத்துப் பூட்டியது நான்தான். ஏன் பூட்டினேன் என்பது நாடகத்தைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும்.

'விளக்குத் தெரு' என்ற பழைய தொடர் உங்களுக்கும் நினைவிருக்கும். குதிரை வண்டிக் காலத்துத் துப்பறிவாளர் ஒருவர், கையில் எப்போதும் ஒரு குடை. எல்லோரும் அவரைக் குடைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். கொலை நடந்த வீட்டிலேயே உட்கார்ந்து தேநீர் குடிப்பார். கடைசியில் குற்றவாளி தானாகவே அழுது ஒப்புக்கொள்வான். அதைத்தான் நாங்கள் புதிதாக எடுத்தோம். எழுதியது நான். என் குடைக்காரர் குடிப்பவர், தூங்காதவர், குடை கிழிந்தவர். முதல் பகுதி வந்ததும் கழுவி ஊற்றினார்கள். 'எங்க குடைக்காரரை என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க, அவர் குளிச்சு எத்தனை நாளாச்சு' என்றார்கள். இரண்டாம் பகுதியில் கொஞ்சம் அடங்கினார்கள். மூன்றாம் பகுதியைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் நான்காம் பகுதி.

ஒரு வாடகை விடுதி. அதன் சாமான் அறையில் ஒருவர் மாட்டிக்கொள்கிறார். கதவைத் தட்டுகிறார். விடுதியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது கேட்கிறது. யாரும் வரவில்லை. அவர் செத்துப்போன பிறகு குடைக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்தேன் என்கிறார்கள் எல்லோரும். நான் எழுதியதிலேயே நல்ல பகுதி அது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பார்த்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. 'எங்களுக்கெல்லாம் எப்பவோ காது குத்தியாச்சு, வேற ஆளைப் பாருங்க' என்றார்கள். மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை என்றார்கள். இருட்டைப் பற்றித் திட்டியபோது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. அதிலும் ஒரு கருத்துக்குத்தான் ஏகப்பட்ட கைதட்டல். 'இதை எழுதியவர் வீட்டுக் கதவை யாரும் தட்டியதே இல்லை போலிருக்கிறது, பாவம்.' அந்தக் கருத்தைப் போட்டவரின் பெயர் இருக்கும் இடத்தில் 'பக்கத்து சீட்டு' என்று போட்டிருந்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் 'பாவம்' என்ற சொல் நெஞ்சில் தைத்துக்கொண்டது.

எங்கள் எழுத்தறையில் பழைய தொடர் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. செய்து பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது. குடைக்காரர் சுவர் ஏறிக் குதிக்கிறார் என்றால், எழுதுகிறவன் முதலில் ஏறிக் குதிக்க வேண்டும். ஒருவன் மூட்டைக்குள் ஒளிகிறான் என்றால் நாங்கள் மூட்டைக்குள் போய் உட்காருவோம். நான்காம் பகுதியை மட்டும் நான் செய்து பார்க்கவில்லை. செய்து பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

தயாரிப்பாளர் அம்மாவின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. கருத்துகளையெல்லாம் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உண்மையைச் சொல்லுங்க. அந்தத் தட்டுற விஷயத்தைச் செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் கடைசிப் பகுதிக்குப் பேச்சை மாற்றினேன். கடைசிப் பகுதியில் அதே விடுதி மறுபடி வருகிறது, மறுபடி ஒரு கதவு, மறுபடி யாரும் வரவில்லை. அதில்தான் என் கதை முடிகிறது. "இந்தத் தடவை யாராவது ஒருத்தர் வந்து திறக்கட்டும். உங்களுக்கு மனசு வரலைன்னா வேற ஆளை வெச்சு எழுதிக்கறேன்" என்றார். நான் கெஞ்சினேன். கடைசியில், "செஞ்சு பாத்துட்டு வாங்க. நிஜமாவே யாரும் வரலைன்னா உங்க இஷ்டம்" என்று விட்டார்.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறவர். சம்பாதிக்கிறதில் பாதியை அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கியே தீர்ப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நேற்றும் வந்தார். தயாரிப்பாளர் அம்மா சொன்னதை நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மாப்ளே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பக்கத்து சீட்டு நான்தான்" என்றார்.

அவர் வேலையே பக்கத்து சீட்டில் உட்காருவதுதான். எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை என்று தெரியவில்லை.

"நீங்க எழுதினது தப்பு மாப்ளே. தினமும் நம்ம புள்ளைங்க நட்டநடு ரோட்டுல வண்டிய நிறுத்திடுதுங்க. பின்னாடி இருக்கறவன் கெட்ட வார்த்தையில திட்டுவான். திட்டிக்கிட்டே இறங்கி வந்து தள்ளிவிட்டுட்டுப் போவான். ஒரு நாள்கூட தள்ள ஆள் வராம இருந்ததில்ல."

என் மனைவி சிரித்தாள். அண்ணன் சொன்னால் எதற்கும் சிரிப்பாள். நானும் சிரித்தேன். அப்போது அவரே சொன்னார், நான் கேட்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "நான் உள்ள போறேன், நீங்க பூட்டுங்க. டீ ஆறதுக்குள்ள எவனாவது வந்து திறக்கலைன்னா என் மீசைய எடுத்துடறேன்" என்றார். என் மனைவி, "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லை" என்று சொல்லிவிட்டு, தன் சித்தி வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

எங்கள் குடியிருப்பை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நான் எழுதும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை, ஜன்னல் கிடையாது. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படி. தட்டினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். பழைய தொடரின் கோட்டுகளும் தொப்பிகளும் அதற்குள்தான் தொங்குகின்றன. யாரும் தூசி தட்டி வருஷக் கணக்காகிறது. மச்சானுக்கு மூச்சிரைப்பு உண்டு. எப்போதும் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். நேற்று புழுக்கமாக இருந்ததால் சட்டையைக் கழற்றி என் நாற்காலியில் மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே போனார். போகும்போது குடைக்காரரின் பழைய குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் இரண்டு நிபந்தனை போட்டார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட வேண்டும், வருகிறவருக்கு வசதியாக. இன்னொன்று, "நானே கூப்பிட்டாலும் நீங்க திறக்கக் கூடாது மாப்ளே. வேற ஆளு வந்து திறக்கணும். அப்பத்தான் ஆட்டம்." இது அவர் வாயால் சொன்னது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பூட்டினேன். சாவியைப் பூட்டிலேயே விட்டேன். வாசல் கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டு என் மேசையில் உட்கார்ந்தேன்.

முதலில் குடைக் கைப்பிடியால் தட்டினார். பழைய தொடரின் ஆரம்ப இசையைத் தாளம் பிசகாமல் தட்டினார். எனக்கே சிரிப்பு வந்தது. கீழ் வீட்டுத் தையல்காரரின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் காது கேளாதவர் இல்லை. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது, பிறகு மூடிய சத்தமும் கேட்டது. மேல் வீட்டில் இருப்பவர் ஒரு நர்ஸ். அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது, நின்றது, திரும்ப ஏறிப் போனது. மூன்று பேருக்கும் கேட்டது. இதைத்தானே நான் நான்காம் பகுதியில் எழுதினேன். எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பொய்யன் என்றார்கள்.

நடுவில் என் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணன் என்ன பண்றாரு?" என்று கேட்டாள். "உள்ள இருக்காரு" என்றேன். "சாப்பிட்டாரா?" என்றாள். "இன்னும் இல்லை" என்றேன். அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி, "நான் கூப்பிட்டப்ப உயிரோட இருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தார் என்றேன். அதுவும் பொய்யில்லை.

பிறகு குடைச் சத்தம் நின்று, கையால் தட்டும் சத்தம் வந்தது. அப்புறம் இருமல். தூசி அப்படி. என் நாற்காலியில் சாய்ந்தால் முதுகில் ஏதோ குத்தியது. திரும்பிப் பார்க்காமலே அது என்ன என்று எனக்குத் தெரியும். அவருடைய சட்டைப் பை. அதற்குப் பிறகு நான் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"போதும் மாப்ளே" என்றார். நானே கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது என்று அவர்தான் சொல்லியிருந்தார். நான் வாக்கைக் காப்பாற்றினேன். சத்தம் முழுக்க அடங்கியதும் கடைசிப் பகுதியின் அந்தக் காட்சியை எழுதினேன். ஒரு வரிகூட அடித்துத் திருத்தவில்லை. 'செய்து பார்த்தேன், யாரும் வரவில்லை' என்று மேலே ஒரு குறிப்பு போட்டுத் தயாரிப்பாளர் அம்மாவுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

குற்ற உணர்ச்சி இருக்கிறதா என்று நீங்கள் ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். இருக்கிறது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இங்கே யாராவது மேசையில் விரலால் தட்டினால் எனக்கு வியர்த்துவிடுகிறது. நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. என் பங்கை ஒத்துக்கொள்கிறேன். கேட்டும் வராதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றுதான் சொல்கிறேன். அதைச் சட்டம் எழுதாது, நான் எழுதுவேன்.

நீங்கள் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். பேனாவை மூடிவிட்டு, "மூணு பேரும் வெளியிலதான் உக்காந்திருக்காங்க. அவங்க சொன்னதைக் கேட்டுட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றீர்கள். என் குடைக்காரருக்கு இப்படி ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை.

சரி. பேனாவைத் திறந்துகொள்ளுங்கள்.

வந்தார்கள்.

முதலில் வந்தவர் தையல்காரர். மச்சான் அந்த இசையை இரண்டாவது தடவை தட்டி முடிப்பதற்குள் கழுத்தில் அளவு நாடாவோடு படியேறி வந்துவிட்டார். என் தேநீரில் ஆவி வந்துகொண்டிருந்தது. "சார், யாரோ தட்டுறாங்களே, உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டார். மச்சான் ஜெயித்துவிட்டார். நான் சிரித்தபடி அவருக்கு வழிவிட்டிருந்தால் போதும், மூன்று பேரும் உட்கார்ந்து அந்தத் தேநீரைக் குடித்திருப்போம். நான் வெளியே வந்து, வாசல் கதவை எனக்குப் பின்னால் இழுத்துச் சாத்திவிட்டு, "நாடகத்துக்கு ஒத்திகை நடக்குது, தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று மெல்லச் சொன்னேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, தெரியாம வந்துட்டேன். குடைக்காரர்தானே? வீட்டுல விடாம பாக்கறாங்க" என்று சந்தோஷமாக இறங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் உள்ளே வந்து சாவியைப் பூட்டிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரர் வந்தபோது மச்சான் கையால் தட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் உடனே போகவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ஒத்திகை மாதிரி இல்லையேப்பா" என்றார். "நல்ல நடிகர்" என்றேன்.

நர்ஸ் வந்தபோது தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும்தான், அதில் எங்கள் பேச்சு மச்சானுக்குக் கேட்டிருக்காது. "இது இழுப்புங்க. நான் தினம் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? திறங்க, ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். அது பதிவு செய்த சத்தம், நாடகத்துக்காக ஓடவிட்டுக் கேட்கிறோம் என்றேன். இரண்டு படி ஏறி, நின்று, திரும்பிப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவரும் அசைத்தார். தொலைக்காட்சியில் வேலை செய்கிறவன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அவர்கள் மூவர் மேலும் ஒரு தப்பும் இல்லை. இதை அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கியமாக அந்த நர்ஸிடம்.

ஒவ்வொருவரை அனுப்பிவிட்டு வரும்போதும் சட்டை அங்கேயே நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்தேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவர்கள் வருவார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. அவர்கள் வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மச்சான் 'போதும்' என்று மட்டும் சொல்லவில்லை.

நர்ஸ் போன பிறகு நான் சாமான் அறைக் கதவுக்கு அருகில் வந்து நின்றேன். நான் நிற்பது கதவின் கீழ் இடுக்கு வழியாக அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்துவிட்டார் போல, குரல் தாழ்வாக வந்தது. "மாப்ளே, நீங்க ஜெயிச்சிட்டீங்க. நீங்க எழுதினதுதான் சரி. ஒருத்தனும் வரலை. திறங்க மாப்ளே" என்றார். நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். அந்த நிலைமையிலும் என்னை 'நீங்க' என்றுதான் சொன்னார்.

சாவி என் கையில் இருந்தது. அவர் தோற்றுப்போய் ஒப்புக்கொண்ட பிறகு பூட்டி வைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் அத்தனை பார்வையாளர்களில் நான் எழுதியது சரி என்று அதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்காகக் காத்திருந்தேன். அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை.

தன்னைத் தேடி மூன்று பேர் வந்தது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்ததும் அவர் தோளைப் பிடித்து உலுக்கி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், மேடம். வந்தாங்க மச்சான், நீங்க சொன்ன மாதிரியே வந்தாங்க என்று.